உடம்பு இளைக்கும்போது குடல் ஏன் வளர்கிறது? நீரிழிவும் குடலின் உள்சுவரும்

கேள்வி: தில்லி ஆர்.கே. புரத்திலிருந்து எம்.எஸ்சி. மாணவி ஒருவர் கேட்டது. பெரியப்பாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. நன்றாகத்தான் சாப்பிடுகிறார், ஆனாலும் எடை குறைந்துகொண்டே வருகிறது. எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். குடல் உள்சுவர் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. பாடத்திலோ நீரிழிவு வந்த எலிகளுக்குச் சிறுகுடல் பெரிதாகிவிடும் என்று படித்திருக்கிறேன். உடம்பெல்லாம் உருகும்போது குடல் மட்டும் எப்படி வளரும்? செல் வளர்ச்சிக்கான சமிக்ஞைகளில் நீரிழிவு எந்த இடத்தில் கைவைக்கிறது?

பதில்:

நீங்கள் பாடத்தில் படித்தது சரிதான். இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை மருந்து கொடுத்து அழித்துவிட்டால் எலியின் தசை கரையும், கொழுப்பு கரையும், எடை இறங்கும். சில வாரம் கழித்து அதே எலியின் சிறுகுடலை எடுத்து எடை போட்டால், நல்ல எலியின் குடலைவிடக் கனமாக இருக்கும். நீளமும் கூடியிருக்கும். இது நேற்று இன்று தெரிந்த விஷயம் இல்லை. 1966-லேயே ஜெர்விஸ், லெவின் என்ற இருவர் பீட்டா செல்களை அழிக்கும் அலாக்ஸான் என்ற மருந்து கொடுத்த எலிகளின் குடலை அளந்து நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளிலும் இதே முடிவு திரும்பத் திரும்ப வந்தது. இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அந்த வளர்ச்சி அடங்கிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரிழிவில் குடலின் உள்சுவர் வளர்வதற்கு முதல் காரணம் சாப்பாடு. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அடுத்த இடத்தில்தான் வருகிறது. ரத்தச் சர்க்கரையும் குடலைக் கெடுக்கிறது, ஆனால் அது வேறு வழியில், வேறு வேகத்தில் நடக்கிறது. ஒன்று சில வாரங்களில் தெரியும் வளர்ச்சி, மற்றது பல வருடங்களில் வரும் தேய்வு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுவதால்தான் நீரிழிவு குடல் செல்லைப் பெருக்குகிறதா, அழிக்கிறதா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள்.

முதலில் அந்த உள்சுவர் நல்ல நிலையில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். தில்லியில் ஒரு மருத்துவமனையில் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கு ஃபார்மலினில் போட்டு வரும். ஓரிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஊதாவும் ரோஸுமாகச் சாயம் ஏற்றுவார்கள். துணுக்கை நிமிர்த்தி வைத்துப் பதிப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சாய்வாகப் பதிந்துவிட்டால் நல்ல குடலுறிஞ்சியும் (உணவை உறிஞ்சும் விரல் போன்ற புடைப்பு) குட்டையாகத் தெரியும், இல்லாத வியாதியை எழுத வேண்டி வரும். சரியாகப் பதிந்த சீவலில் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் எழுந்து நிற்கும். அவற்றின் அடியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றைக் கிரிப்ட் என்கிறோம். குடலுறிஞ்சியின் உயரம் குழியின் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நாங்கள் திருப்தியாகக் கையெழுத்துப் போடுவோம்.

பிரியும் செல்களை மட்டும் பழுப்பு நிறத்தில் காட்டும் கேஐ-67 என்ற சாயம் ஒன்று உண்டு. அதைப் போட்டால் பழுப்பு முழுவதும் குழிக்குள்தான் தெரியும். குடலுறிஞ்சியின் உடம்பில் ஒரு பழுப்புப் புள்ளி இருக்காது. செல் பிறப்பது கீழே, வேலை செய்வது மேலே, உதிர்வது நுனியில். நகம் அடியில் வளர்ந்து நுனியில் தேய்வதைப் போலத்தான், ஆனால் வேகம் பல மடங்கு. மூன்று முதல் ஐந்து நாளில், குடலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அந்தச் செல் உறையே புதிதாகிவிடுகிறது. நம் உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்கள் மிகச் சில. வளர்ச்சிச் சமிக்ஞையில் சின்ன மாற்றம் வந்தாலும் குடலில் அது சில நாளிலேயே கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

இந்தப் பிறப்புக்கு மூலம் குழியின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது தாங்களும் பெருகி மற்ற செல்களையும் உண்டாக்கும் தாய்ச் செல்கள். எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடித்தது 2007-ல், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளீவர்ஸின் ஆய்வகத்தில் நிக் பார்க்கர். இரண்டு வருடம் கழித்து அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லிலிருந்து குழியும் மேடுமாக ஒரு குட்டிக் குடலையே கண்ணாடித் தட்டில் வளர்த்துக் காட்டினார். அதற்கு அவர் கொடுத்த முக்கியப் பொருட்கள் மூன்று: இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின். பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், குடல் வளர்ச்சியின் கணக்கு பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ஆர்-ஸ்பாண்டின் வின்ட் சமிக்ஞையைப் பலப்படுத்துகிறது. நாகின், பிரிவதை நிறுத்தச் சொல்லும் பிஎம்பி சமிக்ஞையைக் குழிக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது. இஜிஎஃப் செல்லை வளர்ந்து பிரியச் சொல்கிறது.

வின்ட் இல்லாவிட்டால் ஸ்டெம் செல்லே இல்லை. வின்ட் வந்து தட்டும்போது செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்ற புரதம் அழியாமல் தப்பித்து, உட்கருவுக்குள் போய், டிசிஎஃப்4 என்ற புரதத்தோடு சேர்ந்து, பிரிவதற்கான ஜீன்களைத் திறந்துவிடுகிறது. டிசிஎஃப்4 இல்லாமல் பிறந்த எலிக் குட்டிகளின் சிறுகுடலில் ஸ்டெம் செல்களின் இருப்பே உருவாகவில்லை என்று 1998-ல் காட்டினார்கள். நாட்ச் என்ற இன்னொரு சமிக்ஞை, புதிதாகப் பிறந்த செல் உணவை உறிஞ்சும் செல்லாக வேண்டுமா, சளி சுரக்கும் செல்லாக வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது. குழியின் அடியில் ஸ்டெம் செல்களுக்கு நடுநடுவே உட்கார்ந்திருக்கும் பானெத் செல்கள் வின்ட்டையும் இஜிஎஃப்பையும் நாட்சுக்கான தூண்டலையும் பக்கத்திலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இது அக்கம்பக்க ஏற்பாடு.

இதற்கு மேல் உடம்பு முழுவதற்குமான செய்திகள் வந்து சேர்கின்றன: இன்சுலின், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1, குடல் ஹார்மோனான ஜிஎல்பி-2. நீரிழிவு முதலில் கலைப்பது இந்த மேல்தளத்தைத்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வரலாம். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் இல்லை. இன்சுலினும் ஒரு வளர்ச்சிச் சமிக்ஞைதான். அது குறைந்தால், வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் கல்லீரல் போதிய ஐஜிஎஃப்-1 தயாரிப்பதில்லை, ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 இறங்கிவிடுகிறது. சர்க்கரை கட்டுப்படாத குழந்தைகளின் வளர்ச்சி தடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் குடலும் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. ஏன்?

குடலின் உறை மற்ற உறுப்புகளைப் போல ரத்தத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. உள்ளே வரும் சாப்பாட்டிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிறது. உறிஞ்சும் செல்கள் எரிபொருளாகப் பெரிதும் நம்பியிருப்பது குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை. தசைக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் வேண்டும், குடல் செல் தன் உணவை எடுத்துக்கொள்ள அது வேண்டியதில்லை. இன்சுலின் இல்லாத உடம்பு சிறுநீரில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு அகோரப் பசியில் தவிக்கிறது. எலி வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தின்கிறது. தின்றதெல்லாம் முதலில் வந்து சேரும் இடம் குடல். ஆக உடம்பு பட்டினியில் கிடக்கும்போதும் குடலுக்கு மட்டும் பட்டினியே இல்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீரிழிவு வந்த எலிக்கு, நல்ல எலி தின்னும் அளவு தீனிதான் வைக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. அப்படிச் செய்தால் ரத்தச் சர்க்கரை ஏறியேதான் இருக்கும், ஆனால் குடல் வளர்ச்சி பெருமளவு குறைந்துவிடுகிறது. சாப்பாடுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, சாப்பாடு அதிகமாக வருகிறது என்ற செய்தி குழியின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் ஜிஎல்பி-2 வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும் எல் செல்கள் என்று சில உண்டு. உணவு தொட்டதும் அவை இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்தே வெளியிடும். ஒன்று ஜிஎல்பி-1. இன்று எல்லார் வாயிலும் அடிபடும் செமாக்ளூடைட் ஊசி இதன் நகல்தான். மற்றது 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஎல்பி-2. குடல் உறையை வளர்ப்பதுதான் இதன் முக்கிய வேலை என்று 1996-ல் டொரண்டோவில் டேனியல் ட்ரக்கரின் குழு எலிகளில் காட்டியது. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் எலிகளின் ரத்தத்தில் ஜிஎல்பி-2 கூடியிருப்பதையும், இன்சுலின் கொடுத்தால் அதுவும் குடலின் எடையும் சேர்ந்தே இறங்குவதையும் 1997-ல் அதே டொரண்டோவில் பதிவு செய்தார்கள்.

இதில் நான் மாணவர்களை எப்போதும் நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஜிஎல்பி-2 நேராக ஸ்டெம் செல்லைத் தொடுவதில்லை. அதற்கான ஏற்பி (சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதம்) உறையின் செல்களில் அநேகமாக இல்லை, உறைக்கு அடியில் இருக்கும் தாங்கு செல்களிலும் குடல் நரம்புகளிலும்தான் இருக்கிறது. ஜிஎல்பி-2 அந்தத் தாங்கு செல்களைத் தட்ட, அவை ஐஜிஎஃப்-1-ஐயும் இஜிஎஃப் குடும்பத்து வளர்ச்சிக் காரணிகளையும் சுரந்து பக்கத்துக் குழிக்குக் கொடுக்கின்றன. உறையில் ஐஜிஎஃப்-1 ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு ஜிஎல்பி-2 கொடுத்தால் குழி செல்கள் வழக்கம்போலப் பெருகுவதில்லை. முடிச்சு அவிழ்வது இங்கேதான். கல்லீரலிலிருந்து வரும் ஐஜிஎஃப்-1 குறைந்துவிட்டது, ஆனால் குடல் தன் அடிவாரத்திலேயே சொந்தமாக ஐஜிஎஃப்-1 தயாரித்துக்கொள்கிறது. உடம்பு இளைப்பதும் குடல் வளர்வதும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் நடக்க முடிவது இதனால்.

ஐஜிஎஃப்-1 வந்து தொட்டபிறகு செல்லுக்குள் நடப்பது நீங்கள் படித்த வழிதான்: பிஐ3 கைனேஸ், ஏகேடி, எம்டார் என்று ஒரு வரிசை, ராஸ், ஈஆர்கே என்று இன்னொரு வரிசை. முதலாவது செல்லைப் பெரிதாக்கிச் சாகாமல் காப்பாற்றுகிறது, இரண்டாவது பிரியச் சொல்கிறது. பல பாடப் படங்களில் ஏகேடியிலிருந்து ஜிஎஸ்கே3 என்ற நொதிக்கு ஓர் அம்புக்குறி போட்டு, இன்சுலின் வழியாகவே வின்ட் தூண்டப்படுகிறது என்று வரைந்துவிடுகிறார்கள். அந்த அம்புக்குறியை அப்படியே நம்ப வேண்டாம். பீட்டா-கேட்டனினை அழிக்கும் கூட்டணிக்குள் இருக்கும் ஜிஎஸ்கே3 வேறு, இன்சுலின் அடக்கும் ஜிஎஸ்கே3 வேறு. செல்லுக்குள் அவை தனித்தனி இருப்புகள். தேர்வில் படம் கேட்டால் வரையுங்கள், ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த ஒரு அம்புக்குறியை மட்டும் சாட்சியாக வைத்து யாராவது எழுதியிருந்தால் வேறு என்ன ஆதாரம் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பிறப்பு கூடுவது பாதிக் கதைதான். நீரிழிவு எலிகளில் குடலுறிஞ்சியின் செல்கள் தாங்களாகவே மடிந்து உதிர்வதும் குறைந்துவிடுகிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் இருப்பு ஏறத்தானே செய்யும்? குடலுறிஞ்சிகள் நீள்கின்றன, உறிஞ்சும் பரப்பு கூடுகிறது. நாட்ச் சமிக்ஞையும் தடம் மாறி, எந்தச் செல் எந்த வேலைக்குப் போகும் என்ற பங்கீடும் கலைவதாக எலி ஆய்வுகள் காட்டுகின்றன.

மனிதர்களிடம் என்ன தெரிகிறது? எலிக்கு நேர்வது அப்படியே நமக்கும் நேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சையில் இருக்கும் மனிதர் மருந்தில்லாமல் விட்ட எலியைப் போல வெறிப்பசியில் தின்பதில்லை. அதனால் நம் ஊர் நோயாளிகளின் துணுக்கில் எலியில் தெரியும் அளவுக்குப் பருத்த குடலுறிஞ்சிகளை நான் பார்ப்பதில்லை. பெரியப்பாவின் ரிப்போர்ட் சாதாரணமாக வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் சாயத்தில் தெரியாத மாற்றம் உண்டு. 2002-ல் லிவர்பூலில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களின் டியோடினத் துணுக்குகளைச் சோதித்தபோது, சர்க்கரையை உள்ளே இழுக்கும் எஸ்ஜிஎல்டி1 போன்ற கடத்திப் புரதங்கள் மற்றவர்களைவிட மூன்று நான்கு மடங்கு வரை அதிகமாக இருந்தன. வெளித்தோற்றம் அதே, வாசலில் நிற்கும் ஆட்கள் மட்டும் கூடிவிட்டார்கள். சாப்பிட்டவுடன் சர்க்கரை விறுவிறுவென்று ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு. வாக்லிபோஸ், அகார்போஸ் மாதிரி மாத்திரைகள் இந்த வாசலுக்குச் சற்று முன்னால் வேலை செய்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அவை குடலுறிஞ்சியின் விளிம்பிலேயே தடுக்கின்றன.

இரண்டாம் வகையில் சமிக்ஞைகளின் கூட்டு வேறு. அங்கே இன்சுலின் இல்லாமல் போவதில்லை, ஆரம்ப வருடங்களில் தேவைக்கு மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். கூடவே தொப்பைக் கொழுப்பும் அழற்சியும் இருக்கும். கொழுப்பு மிகுந்த தீனி எலியின் குடல் ஸ்டெம் செல்களைப் பெருக்கி, கட்டி உண்டாக்கும் தன்மையையும் கூட்டுகிறது என்று 2016-ல் காட்டப்பட்டது. மனிதர்களில் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். இந்தியாவில் அந்தப் புற்றுநோய் மேலை நாடுகளைவிடக் குறைவு, அதனால் இதை நினைத்து ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனாலும் சர்க்கரை உள்ள நடுத்தர வயதுக்காரர் மலத்தில் ரத்தம் போகிறது என்று சொன்னால், மூலமாக இருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொள்ள விடாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு முடிச்சு இருக்கிறது. குழியில் ஸ்டெம் செல்லைக் காப்பாற்றும் டிசிஎஃப்4 பற்றிச் சொன்னேன் அல்லவா? அதை உண்டாக்கும் ஜீனின் பெயர் டிசிஎஃப்7எல்2. 2006-ல் ஐஸ்லாந்துக் குழு ஒன்று இரண்டாம் வகை நீரிழிவுக்கு வழிவிடும் மரபு வேறுபாடுகளைத் தேடியபோது அகப்பட்டது இதே ஜீன்தான். பரவலாகக் காணப்படும் வேறுபாடுகளில் மிக வலுவானது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த வருடமே புனேயில் நம் மக்களிடமும் அது உறுதியானது. இதைப் பார்த்ததும் நீரிழிவே குடலின் ஸ்டெம் செல்லில் தொடங்குகிறது என்று தாவிவிட வேண்டாம். அந்த வேறுபாடு உள்ளவர்களிடம் முக்கியமாகத் தெரியும் குறை இன்சுலின் சுரப்பதில்தான். ஒரே ஜீன் இரண்டு இடங்களில் இரண்டு வேலை பார்க்கிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இந்த இடத்தில் வேலை நிறைய மிச்சம் இருக்கிறது.

இனி தேய்வின் பக்கம். 2018-ல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவின் குழு காட்டியது இது: ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், குடல் செல்கள் ஜிஎல்யூடி2 என்ற வாசல் வழியாக அதை உள்ளே எடுத்துக்கொள்கின்றன, அதனால் அவற்றின் வளர்சிதை மாற்றம் தடம் புரண்டு, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் இணைப்பு தளர்கிறது. கிருமிகளும் கிருமிகளின் துணுக்குகளும் உள்ளே கசிகின்றன. எலிகளில் அந்த வாசலை அடைத்தால் கசிவு நின்றுவிடுகிறது. மனிதர்களிலும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) அதிகமாக உள்ளவர்களின் ரத்தத்தில் கிருமித் துணுக்குகள் அதிகமாக இருந்தன. கவனியுங்கள், இங்கே குற்றவாளி சாப்பாட்டின் அளவு இல்லை, ரத்தத்தில் நிற்கும் சர்க்கரை. குடலின் உள்பக்கம் வளர்ச்சி, ரத்தப் பக்கம் கசிவு.

நீண்ட காலம் போனால் ஸ்டெம் செல்லே அடிபடுகிறது. முதல் வகை நீரிழிவு பல வருடங்கள் இருந்து வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என்று அவதிப்பட்டவர்களின் பெருங்குடலை இத்தாலிய மருத்துவர் பாவ்லோ ஃபியோரினாவின் குழு ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டது. அவர்களிடம் ஸ்டெம் செல்கள் குறைந்திருந்தன. ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 குறைவு, அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் ஐஜிஎஃப்பிபி3 என்ற புரதம் அதிகம். இந்தப் புரதம் ஐஜிஎஃப்-1-ஐப் பிடித்துவைப்பதோடு நிற்கவில்லை. டிஎம்இஎம்219 என்ற ஏற்பி வழியாக ஸ்டெம் செல்லை நேராகவே சாகத் தூண்டுகிறது. அந்த ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் தனியாகத் தயாரித்துக் கொடுத்து, கொலைச் செய்தியை இடைமறித்தால் எலிகளில் ஸ்டெம் செல்கள் பிழைத்தன. ஆரம்பத்தில் குடலைக் காப்பாற்றிய அடிவார ஏற்பாடு கடைசிவரை ஈடுகொடுப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. நீரிழிவில் குடல் கெட்டால் எல்லாவற்றையும் நரம்புத் தளர்ச்சி என்ற ஒரு சொல்லில் முடித்துவிடும் பழக்கமும் இந்த ஆய்வுக்குப் பிறகு மாற வேண்டும். நரம்பும் காரணம், உறையும் காரணம்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. மெட்ஃபார்மின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குடல் சுவரில் பல பத்து மடங்கு செறிந்து நிற்கிறது. பலருக்கு அந்த மாத்திரையால் வயிறு கலங்குவதற்கு இது ஒரு காரணம், அதன் பலனில் ஒரு பங்கு குடலிலிருந்தே வருகிறது என்பதும் இப்போது தெளிவாகியிருக்கிறது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் வகை மாத்திரைகள் தடுக்கும் டிபிபி-4 நொதி ஜிஎல்பி-1-ஐ மட்டுமல்ல, ஜிஎல்பி-2-ஐயும் வெட்டுவது. அந்த நொதியால் வெட்ட முடியாதபடி ஜிஎல்பி-2-இல் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றித்தான் டெடுகுளூடைட் செய்தார்கள். அறுவையில் குடலின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்காக 2012-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மிச்சமிருக்கும் குடலை வளர்க்கச் சொல்லும் மருந்து என்பதால், புற்றுநோய் இருக்கிறவர்களுக்குக் கொடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். டியோடினத்தின் மேலுறையை வெந்நீர் பலூன் வைத்து எரித்துவிட்டு, புதிய உறை வளர விட்டுச் சர்க்கரையைக் குறைக்கப் பார்க்கும் முறை ஒன்றும் சோதனையில் இருக்கிறது. குடலின் உறை நோயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, அதில் அதற்கும் கை இருக்கிறது என்று மருத்துவர்கள் நினைக்கத் தொடங்கியதன் விளைவு அது.

கடைசியாகப் பெரியப்பா. அவர் எடை குறைவதைக் குடல் வளர்ச்சியோடு முடிச்சுப் போட வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்சுலின் போதாமையை. எச்பிஏ1சி எவ்வளவு என்று பாருங்கள். மாத்திரையிலிருந்து இன்சுலினுக்கு மாற வேண்டிய கட்டத்தை நம் வீடுகளில் பயந்து பயந்து தள்ளிப்போடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். மெட்ஃபார்மின் பல வருடமாகப் போகிறது என்றால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் எண்ணெய்ப் பிசுக்காக, தண்ணீரில் மிதந்தால் கணைய நொதிகள் குறைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கணையத்தை ஒரு முறை ஸ்கேனில் பார்த்துவிடுவதும் நல்லது. வயதானவருக்குச் சர்க்கரை திடீரென்று கட்டுமீறி எடையும் இறங்கினால் அதை அசட்டையாக விடக் கூடாது.

தில்லியில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். கோதுமையால் வரும் சீலியாக் நோய் வடஇந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது, தெற்கில் அது மிக அரிது. தட்டில் விழும் சப்பாத்தியின் எண்ணிக்கை அதற்கு ஒரு முக்கியக் காரணம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் சீலியாக் மற்றவர்களைவிட அதிகம். மைக்ராஸ்கோப்பில் அதன் படம் நீரிழிவு எலியின் படத்துக்கு நேர் எதிர்: குடலுறிஞ்சி மழுங்கிப் போயிருக்கும், குழி மட்டும் ஆழமாகி, செத்த செல்களுக்கு ஈடுகட்ட முடியாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பெரியப்பாவின் துணுக்கு நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டதால் அவருக்கு அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் உங்கள் வீட்டில் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை யாராவது இருந்து, வளர்த்தியும் இல்லாமல் ரத்தசோகையும் இருந்தால், சீலியாக்கில் உண்டாகும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும்.